உன் பாட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

இன்று காலை ஆலங்காயத்திலிருந்து வந்த மாட்டு வண்டி ஒன்று சக்கரம் கழன்று என் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. வண்டி நிறைய, தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் போகிற ஆவாரம்பட்டை. சக்கரத்தை மாட்டுவதற்காக வண்டிக்காரன் கட்டுகளை இறக்கி என் சுவரோரம் அடுக்கினான். வெயில் ஏற ஏற அந்தத் துவர்ப்பு வாசனை வீட்டுக்குள் வந்து, குழம்புச் சட்டி வரைக்கும் போய்விட்டது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாங்க இது, வீடா, தோல் ஷாப்பா?" என்று கேட்டாள். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாசனை வந்தால் எனக்கு உன் குரல் கேட்கும். உன் குரல் என்றால் என்னைத் திட்டுகிற குரல்தான். உடனே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுத்து தெரியாது. உயிரோடு இருந்தபோதும் நான் எதை எழுதினாலும் படித்துக் காட்டத்தான் சொல்வாய்; படிக்கப் படிக்கக் குறுக்கே பேசுவாய். இப்போதும் பேசு, எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் கதையை என்னிடம் விட்டால் எனக்குச் சாதகமாகத் திரித்துவிடுவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். சரி தாயே, இந்த ஒரு தடவை நேராகவே சொல்கிறேன்.

அந்த நாளில் ஆம்பூரில் எனக்குக் கவி என்று பெயர். யாரும் கொடுத்த பட்டம் இல்லை, நானே சூட்டிக்கொண்டது. என் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டியவர். காலெல்லாம் வெந்து போயிருக்கும். அந்தக் காலோடு நடந்துபோய் என்னை மிஷன் பள்ளியில் சேர்த்தார். ஆறு வகுப்பு படித்தேன். ஆறாவது முடிந்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. தோல் ஷாப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எட்டுப் பக்கத்தில், பதினாறு பக்கத்தில் பாட்டுப் புத்தகம் போட்டு, அரக்கோணத்துக்கும் ஆம்பூருக்கும் நடுவே ரயிலில் ஏறிப் பாடிப் பாடி விற்பேன். பாலாற்றில் வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, எங்காவது வண்டி தடம் புரண்டால் ஒரு பாட்டு, ஒன்றும் நடக்காத மாதத்தில் மாமியார் மருமகள் சண்டைப் பாட்டு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் தலைப்புக்குக் கீழே, இது இன்ன பாட்டின் மெட்டு என்று ஒரு வரி போட்டுவிடுவோம். இன்னொருவர் மெட்டுக்குள் நம் சொல்லைப் போட்டுக் கட்டுவது தப்பில்லை. எங்கே எடுத்தோம் என்பதை மறைப்பதுதான் தப்பு. மறைத்தால் அடுத்த சந்தையிலேயே சக பாட்டுக்காரன் மானத்தை வாங்கிவிடுவான். அந்த வரியை அதுவரை நான் ஒரு பாட்டுக்கும் விட்டதில்லை. அதனால் என்னை யோக்கியன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஆம்பூரில் வண்டி வர நேரமாகும் என்றார்கள். தண்டவாளத்தை ஒட்டி இருந்த ஷாப்பின் மதில் நிழலில் போய் உட்கார்ந்தேன். உள்ளே பட்டைக் கொட்டகை. ஒரு குழிக்கு நாலு பெண்களாக நின்று பட்டை இடித்துக்கொண்டிருந்தீர்கள்; நீ என் தங்கச்சி ஆவதற்கு முன்னால், உங்களில் ஒருவரையும் நான் அறியாத நாள் அது. உலக்கைச் சத்தம் தண்டவாளம் வரைக்கும் அதிர்ந்தது, அதன் மேலே பாட்டு வந்தது.

"மஞ்சப்பூ ஆவாரம் மலையில பூத்தா
மாமன் தலையில மாலையும் ஆச்சா
பட்டைய உரிச்சு வெயிலுல போட்டா
பாட்டுக்கும் உலக்கைக்கும் ஜோடியும் ஆச்சா"

அடடா! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு வரி சேர்ந்ததை நாங்கள் ஒரு அடி என்போம்; நான் பத்து நாள் பென்சிலைக் கடித்தாலும் இப்படி ஒரு அடி விழாது. பையிலிருந்த காகிதத்தை எடுத்து விறுவிறுவென்று எழுதினேன். இரண்டாவது அடியும் கிடைத்தது. மூன்றாவது அடியை நீங்கள் எடுக்கும்போது பாழாய்ப்போன வண்டி ஊதிக்கொண்டு வந்துவிட்டது. ஏறிவிட்டேன். காட்பாடி போவதற்குள் மூன்றாவது அடியை நானே கட்டிவிட்டேன். அதன் முதல் இரண்டு வரியையும் இங்கே எழுதித் தொலைக்கிறேன், நீ சிரித்து நெடுநாள் ஆயிற்று.

"ஈரப் பட்டையை இடித்திடும் மாதர்
ஈசனருளினால் இன்புறுவாரே"

இதை யாரிடமும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை தங்கச்சி. சத்தியமாகத் தோன்றவில்லை. புத்தகம் போடுகிறவன் பாட்டு என்றால் அதற்குச் சொந்தக்காரன் உண்டு. கொட்டகையில் நாலு பேர் சேர்ந்து பாடுவது காற்றில் வருகிறது, காற்றுக்கு யார் சொந்தம் என்று நினைத்தேன். மெட்டு வரிகூடப் போடவில்லை. என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன்.

வேலூர் லாங் பஜாரில் என் புத்தகங்களை அச்சடித்த பாய் கெட்டிக்காரர். கைப்பிரதியை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். "கவி, இது உன் கை மாதிரி தெரியலையே?"

"என் கைதான் பாய்."

"மூணாவது அடி உன் கைதான். அதுல எனக்கு சந்தேகமே இல்லை" என்றார். நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? உள் அட்டையில் ஒரு எச்சரிக்கை போட்டேன். இப்புத்தகத்திலுள்ள பாட்டுகளை என் அனுமதியின்றி ஒருவரும் அச்சிடலாகாது, மீறினால் கோர்ட்டு மூலம் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. அந்த எச்சரிக்கையையே இன்னொருவர் புத்தகத்தைப் பார்த்து வரிக்கு வரி எழுதிக்கொண்டேன் என்பதை உன்னிடம் சொன்ன அன்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். நானாகச் சேர்த்தது ஒரே ஒரு சொல். ரயிலில் என் பாட்டுகளைப் பாடித் தன் புத்தகத்தை விற்கிற ஒருவன் இருந்தான். அவனுக்காக, அச்சிடவோ பாடவோ கூடாது என்று மாற்றினேன். அந்தப் 'பாடவோ'தான் வினையாயிற்று.

உங்கள் மேஸ்திரி அந்தப் புத்தகத்தை ரயிலில் வாங்கியிருக்கிறார். நல்ல மனிதர், எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் கோர்ட்டு என்றால் அவருக்குக் குலை நடுங்கும். எப்போதோ ஒரு வேலித் தகராறுக்குச் சாட்சி சொல்லப் போய், வாய்தா மேல் வாய்தாவாக வேலூருக்கு அலைந்து, கடைசியில் வக்கீல் கேட்ட கேள்வியில் தன் அப்பா பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டு வந்தவர். புத்தகத்தில் உங்கள் பாட்டைப் பார்த்தார், உள் அட்டையைப் பார்த்தார், மறுநாள் கொட்டகைக்கு ஓடி வந்தார். அங்கே நடந்ததை நீ எனக்கு எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பாய்!

"யம்மா, நிறுத்துங்க! இந்தப் பாட்டு ரிஜிஸ்டர் ஆய்டுச்சு. இனிமே வாயத் திறந்தா சம்மன் வரும்."

"இன்னா மேஸ்திரி, எங்க பாட்டுக்கு எவன் சம்மன் அனுப்புவான்?"

"அச்சுல இருக்குதும்மா! பாடவோ கூடாதுன்னு இருக்குது. ஷாப்பு பேர்ல கேஸ் வந்தா முதலாளி என்னத்தான் அனுப்புவாரு. எனக்கு அந்தப் பேஜாரு வேணாம். வாய மூடிக்கினு இடிங்க."

வாயை மூடிக்கொண்டு எப்படி இடிப்பது? ஒரு குழிக்குள் நாலு உலக்கை மாறி மாறி இறங்க வேண்டும். பாட்டு இருந்தால் யார் உலக்கை எப்போது என்று கைக்கே தெரியும். பாட்டு நின்றதும் உலக்கையோடு உலக்கை மோத ஆரம்பித்தது. வேறு பாட்டைப் பாடிப் பார்த்தீர்கள். அந்த இடிக்கென்றே கட்டிய பாட்டைப் போல எதுவும் கைக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தீர்கள், மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் உன் நாத்தனாரின் கட்டை விரலில் உலக்கை இறங்கி நகம் பெயர்ந்தது. அன்றுதான் அட்டையில் இருக்கிற கவி யார், எந்தத் தெரு என்று நீ விசாரிக்க ஆரம்பித்தாய்.

வெள்ளிக்கிழமை, தொழுகை நாள், ஷாப்புக்கு விடுமுறை. சந்தையில் நான் தகரப் பெட்டி மேல் ஏறி நின்று கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு உன் பாட்டையேதான் பாடிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். இரண்டு அடி ஜோராகப் போயிற்று. மூன்றாவதில் ஈரப் பட்டை என்று எடுத்தேனோ இல்லையோ, பின்னாலிருந்து ஒரு குரல்.

"யோவ், ஈரப் பட்டைய எவய்யா இடிப்பா?"

கூட்டம் திரும்பியது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். உன் பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"பட்டைய வெயில்ல போட்டு, கைல ஒடிச்சா படக்குன்னு ஒடியணும். அப்புறந்தான் குழில போடுவோம். ஈரமா போட்டா உலக்கைல அப்பிக்கும். இது கூடத் தெரியாம பாட்டு கட்டினியா, இல்ல எங்கனா ஒட்டுக் கேட்டு எழுதினியா?"

நான் சமாளிக்கப் பார்த்தேன். "கவிதைன்னா கொஞ்சம் கற்பனை இருக்கும்மா..."

"கற்பனையா? நொண்டுதுய்யா உன் கற்பனை. மூணாவது அடி நான் பாடறேன், கேளு."

நீ பாடினாய். கஞ்சிரா இல்லாமல், பெட்டி மேல் ஏறாமல், நின்ற இடத்திலிருந்தே.

"மேஸ்திரி மீசைய முறுக்குற நேரம்
மிச்சமீதிப் பட்டையும் மாவா போச்சு
மீசையும் அந்த மாவில மறைஞ்சு
மேஸ்திரி யாருன்னு தேடலாய்ப் போச்சு"

சந்தையே கொல்லென்று சிரித்தது. அந்த மீசை ஊருக்கே தெரிந்த மீசை. கத்தரிக்காய்க் கூடைக்காரி கை தட்டினாள், செருப்பு தைக்கிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். பாட்டு யாருடையது என்று அதற்கு மேல் ஒருவரும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன்.

ஆனாலும் என் திமிர் அடங்கவில்லை. நீ தனியாக அழைத்துப் போய், கொட்டகையில் பாட்டு நின்றது, நாத்தனாரின் விரல், எல்லாவற்றையும் சொன்னாய். கேட்டுக்கொண்டு நான் என்ன செய்தேன்? பெருந்தன்மையாகப் பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன்: பட்டைக் கொட்டகைப் பெண்கள் இப்பாட்டைப் பாடிக்கொள்ள அனுமதி அளிக்கிறேன், இப்படிக்குக் கவி. கையெழுத்துப் போட்டு, ஊதிக் காயவைத்து நீட்டினேன். காரியம் முடிந்தது என்றுகூட நினைத்தேன்.

இன்னா எழுதியிருக்குது என்று கேட்டாய். படித்துக் காட்டினேன். உன் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"என் புள்ளைய நான் தூக்க, நீ எனக்குச் சீட்டு எழுதித் தர்றியா?"

சத்தம் போடவில்லை நீ. சந்தையில் அத்தனை பேர் நடுவே கத்தியவள், இதை மெதுவாகச் சொன்னாய். சீட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில் நீயே வைத்தாய். "காலைல கொட்டகைக்கு வா. மேஸ்திரி எதிர்ல, யார் பாட்டுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

வந்தேன். வராமல் இருக்க என்னென்னவோ காரணம் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை, வந்தேன். அப்பா செத்த பிறகு ஷாப்புக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். நீங்கள் பதினாறு பேரும் உலக்கையைச் சாய்த்துவிட்டு நின்றீர்கள். மேஸ்திரி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, நீங்கதான் கவியா?" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னை மறுபடி கெடுத்தது.

"இவங்க பாட்டைத் தழுவி நான்..." என்று ஆரம்பித்தேன்.

உன் நாத்தனார் துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு பெண், கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள். நான் ஆரம்பித்ததை விட்டேன். "தழுவலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மதில் பின்னால உக்காந்து எழுதிக்கினு போனேன். பாட்டு இவங்களுது. நான் திருடினேன் மேஸ்திரி" என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது, கூடவே நெஞ்சில் பாரமும் குறைந்தது.

மேஸ்திரி யோசித்தார். மீசையைத் தடவினார். "நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா வாயால சொன்னா கோர்ட்டு ஒத்துக்குமா? அச்சுல உங்க பேரு இருக்குது, பாடக் கூடாதுன்னு இருக்குது. அச்சுல போட்டு எடுத்துக்கினு வாங்க, நான் விட்டுர்றேன்."

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. கொட்டகையில் சொல்வது பதினேழு பேருக்குத் தெரியும். அச்சில் சொன்னால் அரக்கோணம் வரைக்கும் தெரியும். ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் என்னைக் கவி என்று அழைத்தவர்கள் இனி என்னவென்று அழைப்பார்கள்? இந்தப் பெண்களுக்காக என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வதா? வேலூர் போகிற வழியெல்லாம் இதே நினைப்புதான்.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அச்சுல என் பேரைப் போட்டுட்டேன் பாய், சட்டப்படி என்னுதுதானே ஆகும்?" என்று ஒரு அற்ப ஆசையில் கேட்டேன்.

"தோஸ்த், மாட்டைத் திருடிக்கினு வந்து கொட்டில்ல கட்டிப்புட்டா உன் மாடாய்டுமா? கட்டினவன் எவனோ அவனுதுதான் பாட்டு. மெட்டு எடுத்துக்க, யாருதுன்னு சொல்லு. ஒரு பாட்டைப் பத்தி எழுதறியா, ரெண்டு வரி எடுத்துக் காட்டு, பேரைச் சொல்லு, மிச்சம் உன் சரக்கா இருக்கட்டும். அவுங்க சொல்லு கம்மி, உன் சொல்லு ஜாஸ்தி, அப்படி இருந்தா எவனும் கேக்க மாட்டான். முழுப் பாட்டும் வேணும்னா போய்க் கேளு. கேக்கறதுக்கு இன்னா, வாய் வலிக்குதா?"

"என் பேரு போய்டுமே பாய்."

"இருக்கிற பேர்ல மூணாவது அடிதானே உன்னுது" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பிடிவாதம் பிடிக்க முடியவில்லை.

திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்துப் பாக்கிப் புத்தகம் முழுக்க ஒட்டிவிடலாம் என்றார் பாய். அதில் என்ன எழுதுவது என்று உன்னிடம்தான் வந்து கேட்டேன். உன் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறேன் என்றேன். நீ பதறிப் போனாய்.

"ஐயோ, என் பேரா? மொதல் அடி நான் கட்டினேன். ரெண்டாவது இவ. மீசை இதோ இவளுது. என் பேரு மட்டும் போட்டா நானும் உன்ன மாதிரி ஆய்டுவேனே. கொட்டகைப் பொம்பளைங்கன்னு போடு."

"மெட்டு?"

"மெட்டு எங்களுது இல்ல. ஆலங்காயத்துலர்ந்து பட்டை ஏத்தினு வர்ற வண்டிக்காரரு பாடறது. எடுத்துக்கட்டுமான்னு கேட்டோம், எடுத்துக்கங்கன்னாரு. ஒரு சொம்பு மோரு குடுத்தோம். அதையும் போடு."

எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. மெட்டு வரி போடாமல் ஒரு பாட்டும் வெளியிடாத யோக்கியன் நான். எழுத்தே தெரியாத நீங்கள் என் தொழில் வழக்கத்தை என்னைவிடச் சுத்தமாகச் செய்து வைத்திருந்தீர்கள். கேட்டு, வாங்கி, மோரும் கொடுத்திருந்தீர்கள்.

சீட்டு இப்படி வந்தது: இப்பாட்டு ஆம்பூர்ப் பட்டைக் கொட்டகைப் பெண்கள் கட்டியது, மெட்டு ஆலங்காயம் வண்டிக்காரர் ஒருவர் தந்தது, நான் கேளாமல் எடுத்துக்கொண்டது தவறு, மூன்றாம் அடி மட்டும் என் சொந்தச் சரக்கு, அதை யாரும் பாட வேண்டாம், மற்றபடி யாரும் பாடலாம், அச்சிட விரும்புகிறவர்கள் கொட்டகைக்கு வந்து கேட்கவும். மூன்றாம் அடியைப் பற்றிய வரி உன் உபயம். மைதாப் பசை காய்ச்சி, புத்தகம் புத்தகமாக நீங்களே உட்கார்ந்து ஒட்டினீர்கள். பாதிச் சீட்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, "எங்களுக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்" என்று சிரித்தீர்கள்.

மேஸ்திரி சீட்டை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அச்சுல வந்துடுச்சு. இனிமே பயமில்ல, பாடுங்க" என்றார். நீ உடனே உலக்கையைத் தூக்காமல் என்னைப் பார்த்தாய். "நீ பாட்டு வேணும்னா கேக்கணும் இல்ல? இப்ப கேளு" என்றாய். கேட்டேன். "ஒரு குழி இடிச்சிட்டு எடுத்துக்க" என்றாய். சுண்ணாம்புக் குழிக்காரர் மகன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உலக்கையைப் பிடித்தேன். கால் குழிகூட இடித்திருக்க மாட்டேன், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. நீங்கள் பாடினீர்கள். என் உலக்கை ஒருவர் உலக்கையிலும் மோதவில்லை. அந்தப் பாட்டு எதற்காக என்று என் கைக்கு அன்றுதான் தெரிந்தது.

என் பெயர் போய்விடும் என்று பயந்தேனே, போகவில்லை. சீட்டு ஒட்டிய புத்தகம் மற்றதைவிட வேகமாகத் தீர்ந்தது. தான் திருடியதை அச்சடித்து ஒத்துக்கொண்ட கவி யார் என்று பார்க்கவே ஆள் வந்தது. அரக்கோணத்துப் பாட்டுக்காரர் ஒருவர் உங்களிடம் அச்சிடக் கேட்டு வந்தார். அவரையும் ஒரு குழி இடிக்க வைத்துத்தான் அனுப்பினாய். பிற்பாடு அதுவே கொட்டகைச் சட்டமாயிற்று. இடிக்காமல் யாருக்கும் பாட்டுக் கிடையாது.

அன்றிலிருந்து பதினோரு வருஷம். நான் எழுதிய ஒவ்வொன்றையும் கொட்டகை மதிலோரம் வந்து உனக்குப் படித்துக் காட்டினேன். நொண்டுகிற இடத்தில் நீ உச்சுக்கொட்டுவாய், நான் மாற்றுவேன். நீ மட்டும் சுத்தமா? அப்போது நான் எழுதிய ஒரு நாடகத்தில் கோமாளி பேசுகிற வசனத்தை அப்படியே தூக்கி, வயல் நடவுக்குப் போகிற நாளில் நீ பாடுகிற பாட்டில் போட்டுக்கொண்டாயே! கையும் களவுமாகப் பிடித்து, "கேட்டியா?" என்றேன்.

"கேட்டேனே. அன்னிக்கு மதிலோரமா சாய்ஞ்சிக்கினு தூங்கினு இருந்தே. வேணாம்னு சொல்லலை" என்றாய். போதாதற்கு நாத்தனாரைச் சாட்சிக்கு இழுத்தாய். அவளும் கூசாமல் தலையாட்டினாள். அன்று உனக்கு நான் வைத்த தண்டனை, என் வீட்டுக்கு வந்து ஒரு மூட்டை உளுந்து புடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது. புடைக்க வந்தவள் என் மனைவியோடு சேர்ந்துகொண்டு என்னைக் கிண்டல் செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனாய்.

போன மழைக் காலத்தில் மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மிஷன் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்தாய். நான் பார்க்க வந்தபோது கயிற்றுக் கட்டிலில் சுருண்டிருந்தாய், கண் மஞ்சளாக. கட்டிலைச் சுற்றிக் கொட்டகைப் பெண்கள். எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்து வந்தேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். நீ உன் ஒப்பாரியை நீயே கட்டி, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

"இவளுங்கள நம்பினா என் சாவுல யாரோ செத்தவளுக்குப் பாடினத எடுத்துப் பாடிடுவாளுங்க கவியண்ணே. எனக்குப் புதுசா வேணும். நீயும் கத்துக்க" என்றாய்.

முழுதும் பாடிக் காட்டினாய். குரல் இல்லை, மூச்சுதான் இருந்தது. உன் புருஷன் சுருட்டு, நீ வளர்த்த பொல்லாத ஆடு, மேஸ்திரி, நாத்தனார், எல்லாரும் அதில் வரிசையாக வந்தார்கள். எனக்கும் ஒரு அடி வைத்திருந்தாய். அந்த அடியைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். பிறகு நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"இது என் சாவுக்கு மட்டும். வேற எவ சாவுக்கும் பாடக் கூடாது. அச்சுலயும் போடக் கூடாது. ஒரு குழி என்ன, நூறு குழி இடிச்சாலும் கிடையாது. சரியா?"

"சரி தங்கச்சி."

"எழுதிக்கினு போய்டாதே."

"மாட்டேன்."

பத்தாம் நாள் நீ போனாய். பதினாறு பேரும், இல்லை, நீ இல்லாமல் பதினைந்து பேரும் சுற்றி உட்கார்ந்து அதைப் பாடினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். ஆட்டைப் பற்றிய அடி வந்ததும் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அழுகையும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து போயிற்று. இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு சாவு நடந்ததில்லை.

பாய் அதைக் கேள்விப்பட்டு, அச்சடிக்கலாமா என்று மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். ஆயுளில் நான் கேட்ட பாட்டுகளில் அதற்கு மிஞ்சியது இல்லை. முழுதும் எனக்கு மனப்பாடம். நடந்து போகும்போது தானாக வாயில் வரும். என் அடி வரும்போது இப்போதும் சிரித்துவிடுகிறேன். பத்து வருஷத்தில், இருபது வருஷத்தில் நாங்கள் பதினாறு பேரும் போய்விட்டால் பாட்டும் போய்விடுமே என்று சில நாள் மனம் அடித்துக்கொள்கிறது. எழுதிப் பெட்டியில் வைத்தால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றுகிறது.

இதோ, எதிரே காகிதம் இருக்கிறது, பேனாவில் மை இருக்கிறது, முதல் அடி நாக்கின் நுனியில் நிற்கிறது. எழுதட்டுமா என்று உன்னைக் கேட்டுவிட்டால் போதும். கேட்க நீ இல்லை. அதனால் எழுதவில்லை.

உன்,
கவியண்ணன்